உங்களுக்குத் தெரியுமா? பாஸ்பரஸ் ‘பாஸ்பரசென்ட்’ அல்ல!

இருட்டில் மெல்ல ஒளிரும் எதையும் ஆங்கிலத்தில் ‘பாஸ்பரசென்ட்’ என்று சொல்வது வழக்கம். இந்தச் சொல்லுக்கு வேரான பாஸ்பரஸை 1669இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சி எடுத்தார். ஆனால் அறிவியலில் இந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு: விழுந்த ஒளியை உள்வாங்கிக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகும் சிறிது சிறிதாக வெளிவிடுவதுதான் பாஸ்பரசென்ட். கைக்கடிகார முள்ளில் பூசப்படும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் அப்படிப்பட்டது. வெள்ளைப் பாஸ்பரஸோ காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிவதால் ஒளிர்கிறது. அதற்கு முன்கூட்டியே வெளிச்சம் படத் தேவையில்லை. இரவில் நீலமாக மின்னும் கடலலையும் இந்த வகைதான். நாக்டிலூகா போன்ற ஒருசெல் உயிர்களுக்குள் நடக்கும் வேதிவினையே அந்த ஒளிக்குக் காரணம்.

மக்கள் நாவில் புழங்கும் சொல்லை அறிவியல் ஏன் திருத்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதையிலும் கவிதையிலும் கடலைப் பாஸ்பரசென்ட் என்று எழுதுவது பிழையல்ல. ஆங்கில அகராதிகளும் அந்தப் பொருளை ஏற்கின்றன. ஆனால் பாடநூலிலும் அறிவியல் செய்தியிலும் அப்படி எழுதினால், ஒளி எங்கிருந்து பிறக்கிறது என்ற காரணமே மறைந்துபோகும். சேமித்த ஒளி வேறு, வினையில் பிறக்கும் ஒளி வேறு. எனவே அங்கே கடலின் ஒளியை ‘உயிரொளிர்வு’ என்று எழுதுவதே சரி.