பாதிவழியில் விழும் மடிக்கணினி

பொத்தானை அமுக்கியவுடன் சிறு விளக்கொன்று எரிந்து, விசிறி சுழலும் ஓசை மெல்ல எழுந்து, கம்பெனியின் சின்னமும் திரையில் தோன்றி, இனி வேலையைத் தொடங்கலாம் என்று நாம் நிமிர்ந்து உட்காரும் சமயத்தில் தானே அணைந்து, தானே மறுபடியும் எழுந்து, எழுந்த இடத்திலேயே மறுபடியும் விழுகிற மடிக்கணினி, அடியோடு உயிரற்றுக் கிடப்பதைக் காட்டிலும் அதிக எரிச்சலைத் தருவது. ஆயினும் பழுது பார்ப்பவர்களைக் கேட்டால், இதுவே நல்ல நோயாளி என்பார்கள். ஏனெனில் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் அது தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதைக் கவனிக்கப் பொறுமையின்றி, 'ஃபார்மட் அடித்துவிடலாம்' என்று ஒருவரும், 'போர்டு போய்விட்டது' என்று இன்னொருவரும் சொல்லிவிடுவது, பரீக்ஷை நடப்பதற்கு முன்பே மதிப்பெண் போடுகிற காரியம்.

துவக்கம் என்பது ஒரே செயலாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அது ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்கும் பல காரியங்களின் கிரமமான தொடர்ச்சி. மின்சாரத்தை அளந்து பங்கிடும் சிறு சிப் ஒன்று முதலில் விழித்து, பாட்டரியும் அடாப்டரும் தரும் மின்னழுத்தம் சரியா என்று பார்த்த பிறகே பிராசஸருக்கு உத்தரவு கொடுக்கிறது. பிராசஸரானது மதர்போர்டிலுள்ள பயாஸ் சிப்பில் எழுதப்பட்டிருக்கும் நிரலைப் படித்து, ரேம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று சோதித்து, டிஸ்கிலிருந்து விண்டோஸின் முதல் கோப்புகளைத் தேடி எடுத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. விண்டோஸ் தன் பங்குக்கு டிரைவர்கள் என்னும் துணை நிரல்களை ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரைக்கு வந்து நிற்கிறது. ஆகையால் சின்னம் தோன்றுவதற்கு முன்பே விழுந்தால் ரேம், மின்சாரம், மதர்போர்டு ஆகியவற்றின் மீதும், சின்னத்துக்கும் கடவுச்சொல் திரைக்கும் இடையில் விழுந்தால் டிஸ்க் அல்லது விண்டோஸின் மீதும், உள்ளே நுழைந்த சில நிமிஷங்களில் விழுந்தால் உஷ்ணத்தின் மீதோ தானாகத் தொடங்கும் ஏதேனும் செயலியின் மீதோ முதல் சந்தேகத்தை வைப்பது நியாயம்.

திரையே வராத முதற்கட்டத்தில்கூட யந்திரம் முற்றிலும் ஊமையாக இருப்பதில்லை. டெல் மடிக்கணினிகள் பலவற்றில் பாட்டரி விளக்கு ஆரஞ்சு நிறத்தில் சில தடவையும் வெள்ளை நிறத்தில் சில தடவையும் மாறிமாறிச் சிமிட்டும்; ஹெச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் கேப்ஸ் லாக் விளக்கு அந்த வேலையைச் செய்யும். சில மாடல்கள் 'பீப்' ஒலியாலேயே பேசும். அந்தச் சிமிட்டல்களை எண்ணி, அந்த மாடலுக்குரிய கம்பெனிக் கையேட்டோடு ஒப்பிட்டால், ரேம் அகப்படவில்லையா, பயாஸ் கெட்டிருக்கிறதா என்பது திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றாமல் தெரிந்துவிடும்.

விண்டோஸ் ஏறுகிற கட்டத்தில் வரும் நீலத்திரையின் அடியில் ஒரு பிழைக்குறிப்பு இருக்கும். அண்மைக்கால விண்டோஸ் 11-இல் இத்திரையே கறுப்பாகிவிட்டது. ஆனால் அதைப் படிப்பதற்குள் யந்திரம் மறுபடியும் துவங்கிவிடுகிறதே என்பதுதான் பலருடைய புகார். துவக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைப்பட்டால் விண்டோஸ் தானாகவே ஒரு மீட்புத் திரைக்குச் செல்லும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்ற வழியே போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று வரும். அதில் 9 என்பதை அமுக்கினால் பிழைத்திரை ஓடி மறையாமல் நிற்கும். 4 என்பதை அமுக்கினால், அவசியமான டிரைவர்களை மாத்திரம் ஏற்றிக்கொண்டு சேஃப் மோடில் விண்டோஸ் துவங்கும். சேஃப் மோடில் யந்திரம் நிதானமாக ஓடுமானால், குற்றம் அநேகமாகப் பின்னால் சேர்ந்த டிரைவர், அப்டேட், ஆன்டிவைரஸ் ஆகியவற்றில் ஒன்றினுடையது. கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவதும், சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் முந்தைய நிலைக்குத் திரும்புவதும் அப்போது பலன் தரும்.

இந்தக் கட்டத்துப் பழுது எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதை உலகம் முழுவதும் ஒரே நாளில் கண்டது 2024 ஜூலை 19-ஆம் தேதி. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், நம் நேரப்படி காலை 9.39-க்கு, விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பிய சிறு கோப்பொன்றில் பிழை இருந்தது. அம்மென்பொருளோ துவக்கத்தின் ஆரம்பத்திலேயே விண்டோஸின் கருவோடு சேர்ந்து ஏறிவிடுவது. 78 நிமிஷங்களில் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டபோதிலும், அதற்குள் அதைப் பெற்றுவிட்ட கணினிகள் எழுவதும் விழுவதுமாக அல்லாடின. 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை பெரிய சேதத்துக்குச் சொல்லப்பட்ட பரிகாரம் மிகவும் எளிது: சேஃப் மோடில் துவக்கி, சி-00000291 என்று தொடங்கும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும். ஃபார்மட்டும் தேவைப்படவில்லை, போர்டையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்த கணினிகளில் 48 இலக்கச் சாவி இல்லாமல் உள்ளே நுழைய இயலாமற்போகவே, அந்த எளிய காரியமும் பல அலுவலகங்களில் நாட்கணக்கில் இழுத்தது.

சேஃப் மோடிலும் நிலைக்காத யந்திரத்துக்கு, மென்பொருளையும் உறுப்புகளையும் பிரித்தறிய நல்ல உபாயம் ஒன்று உண்டு. வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மடிக்கணினியைத் துவக்கினால், உள்ளே இருக்கும் விண்டோஸ் ஒதுங்கிவிடுகிறது. ரேம், பிராசஸர், மின்சாரம் ஆகியவை மாத்திரம் சோதனைக்கு உள்ளாகின்றன. அப்படி ஒரு மணி நேரம் அசையாமல் ஓடினால் பழுது விண்டோஸிலோ டிஸ்கிலோ இருக்க வேண்டும். அதிலும் விழுந்தால் திருகாணி முடுக்கியை எடுக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஓடுகிற பட்சத்தில் அந்த நேரத்திலேயே முக்கியமான கோப்புகளையெல்லாம் வெளியே பிரதி எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். தேய்ந்துபோன ஹார்டு டிஸ்கின் மீது பிழைதிருத்தும் கட்டளைகளை ஏவுவது அதை மேலும் உழைக்க வைத்து, மிஞ்சியிருப்பதையும் கெடுத்துவிடக்கூடும். முதலில் பிரதி, பிறகே சிகிச்சை என்பது இத்தொழிலில் மாற்றக்கூடாத முறை.

பயாஸ் திரையில் டிஸ்கின் பெயரே காணப்படாவிட்டால் டிஸ்கையோ அதன் இணைப்பையோ பார்க்க வேண்டும். பெயர் இருந்தும் விண்டோஸ் அதைக் காணவில்லை என்று முறையிட்டால், பயாஸில் டிஸ்கைக் கையாளும் முறை மாறிவிட்டதா என்றும் பார்ப்பது நல்லது. தேதி பார்க்கும் சிறு பாட்டரி தீர்ந்து, பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்துபோவதாலும் இப்படி நேர்வதுண்டு.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைக்குறிப்போடு, வெவ்வேறு இடத்தில் விழுகிற யந்திரத்தில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். அடாப்டரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, உள்ளேயுள்ள பாட்டரியின் இணைப்பைப் போர்டிலிருந்து விடுவித்து, ஏதேனும் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்ட பிறகே எதையும் தொட வேண்டும். இரு பக்கத்து உலோகக் கவ்விகளையும் ஒரே சமயத்தில் வெளிப்புறமாக விலக்கினால் ரேம் தானே சாய்வாக எழும்பும். அதன் விளிம்பிலுள்ள பொன்னிறத் தகடுகளைத் துடைத்து, அதே சாய்வில் முழுவதும் உள்ளே செலுத்தி, கீழே அமுக்கினால் 'டிக்' என்று கவ்விகள் பற்றிக்கொள்ளும். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். புதிய மாடல்களில் இதற்குப் பிறகு முதல்முறை திரை வருவதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேலும் ஆகலாம். ரேமைப் பரிச்சயம் செய்துகொள்ளும் அந்த அவகாசத்தைப் பழுதென்று எண்ணி அணைத்துவிடக் கூடாது. மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டு, அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமின் மீதான சந்தேகம் ஊர்ஜிதமானதாகவே கொள்ள வேண்டும்.

நீலத்திரை எதுவுமின்றி, விளக்கை ஊதி அணைத்தாற்போல் சட்டென்று அடங்கி, ஆறிய பிறகு சற்று அதிக நேரமும் சூடாக இருக்கையில் சற்றுக் குறைந்த நேரமும் ஓடுமானால், காரணம் அநேகமாக உஷ்ணம். பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே கம்பளிபோல் படிந்த தூசியும், உலர்ந்து வெடித்த தெர்மல் பேஸ்டும் அந்த எல்லையைச் சீக்கிரமே எட்டவைத்துவிடும். பாட்டரியைத் துண்டித்துவிட்டு அடாப்டரில் மாத்திரம் ஓட்டினால் விழாத யந்திரத்துக்குப் பாட்டரியே குற்றவாளி. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பாட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அமுக்கவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது.

இவற்றுக்கெல்லாம் பிறகும் விடை கிடைக்காவிட்டால்தான் பழுது போர்டில் இருக்கக்கூடும். சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற இடங்களில் 'சிப் லெவல் சர்வீஸ்' செய்பவர்களிடம் போக வேண்டிய வேலை அது. போகும்போது எந்தக் கட்டத்தில் விழுகிறது, என்ன குறிப்பு வந்தது, எதையெதை மாற்றிப் பார்த்தோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம், நமக்குப் பணம் மிச்சம். எதையும் ஒவ்வொன்றாகவே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் குணமடைந்தாலும் காரணம் தெரியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மடிக்கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே, முக்கியக் கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி எடுத்துவையுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் சாவி இருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். மற்ற உறுப்புகளையெல்லாம் கடையில் விலைக்கு வாங்கிவிடலாம். இவ்விரண்டும் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா.