பழைய காருக்குப் புது சைலன்சர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



எஞ்சினைப் பற்றிக் கேட்டால் நம்ம பிரிவு மாணவர்கள் மணிக்கணக்கில் பேசுவோம். கார்புரேட்டர், கியர் பாக்ஸ், டிபரன்ஷியல் என்று வைவாவில் வெளுத்து வாங்குவோம். ஆனால் சைலன்சர் எதற்கு என்று கேட்டால், "சத்தத்தைக் குறைக்கும் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இன்பிளான்ட் டிரெயினிங் போய் வந்த பிறகு, அந்த ஒரு வரி போதாது என்று எனக்குப் பட்டது. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டது நமக்கெல்லாம் தெரிந்த அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் பழைய 1489 சி.சி. பெட்ரோல் வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். எஞ்சின் மணி மாதிரி ஓடும். அடியில் படுத்துப் பார்த்தால் சைலன்சர் சல்லடையாக இருக்கும்! இங்கே சொல்லும் முறை பிரீமியர் பத்மினிக்கும், நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும்கூடப் பொருந்தும்.

வேலை ஒன்றல்ல, மூன்று!

எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் தொடங்கி, முன் பைப், சைலன்சர் டப்பா, டெயில் பைப் என்று கடைசி வரை போகிறது இந்த அமைப்பு. இதற்கு மூன்று வேலைகள் உண்டு. முதல் வேலை, விஷ வாயுவை ஆட்கள் உட்காரும் இடத்தைத் தாண்டி வெளியே கொண்டுபோய் விடுவது. இரண்டாவது, எஞ்சின் தாராளமாக மூச்சு விட வழி செய்வது. மூன்றாவதுதான் சத்தத்தைக் குறைப்பது. நாம் கடையில் நின்று தேர்ந்தெடுக்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். "சவுண்டு எப்படி இருக்கும்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது!

முதல் வேலை ஏன் முதல் வேலை?

டிரெயினிங் சமயத்தில் நான் இருந்த பட்டறைக்கு ஒரு ரிடையர்டு வாத்தியார் தன் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். "மேஸ்திரி, ஒரு மணி நேரம் ஓட்டினாப் போதும், பேரப்பிள்ளைங்க தலைவலிங்குது, வாந்தி எடுக்குது. பெட்ரோல் எங்கேயாவது கசியுதான்னு பாருங்க" என்றார். மேஸ்திரி பெட்ரோல் லைனைப் பார்த்தார், கசிவு இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பின்னாடி குனிஞ்சு பாரு, டெயில் பைப் எங்க முடியுது?" என்றார்.

டெயில் பைப் பம்பருக்கு வெளியே வரவே இல்லை. துருப்பிடித்த நுனியை யாரோ அறுத்துவிட்டு, டிக்கிக்கு அடியிலேயே விட்டிருந்தார்கள். டிக்கி ரப்பர் பீடிங்கும் காய்ந்து வெடித்திருந்தது. வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறையும். புகை அங்கேயே சுழன்று, கிடைத்த இடுக்கு வழியாக உள்ளே வரும். பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகள்தான் அதை முதலில் சுவாசிப்பார்கள்.

அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் சட்டம் அனுமதிக்கும் அளவு 3 சதவீதம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 3 சதவீதம் என்றால் 30,000 பி.பி.எம்.! காற்றில் 1,200 பி.பி.எம். இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்கூடப் பாதுகாப்பு நூல்கள் சொல்கின்றன. பழைய காரின் தரைத் தகட்டில் துரு ஓட்டை இருக்கும், பெடல், கியர் லீவர் ரப்பர்கள் கிழிந்திருக்கும். ஆகவே சைலன்சரில் ஓட்டை என்பது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல.

டெயில் பைப்பைப் பம்பருக்கு வெளியே நீட்டி, பீடிங்கை மாற்றிக் கொடுத்தோம். அடுத்த மாதம் ஆயில் மாற்ற வந்த வாத்தியார், பிள்ளைகள் இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள் என்றார்!

சைலன்சர் ஏன் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது?

பெட்ரோலில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரியும்போது தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 900 மில்லி தண்ணீர் ஆவியாக வெளியேறும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் பைப் நன்றாகச் சுடேறி, ஆவி அப்படியே போய்விடும். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் சைலன்சர் சுடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுவோம். அமிலம் கலந்த தண்ணீர் டப்பாவின் அடியில் தேங்கித் தகட்டைத் தின்னும். அதனால்தான் தினசரி ஓடிய டாக்ஸியைவிட, ஷெட்டில் போற்றிப் பாதுகாத்த காரின் சைலன்சர் சீக்கிரம் போகிறது!

ஆகவே வாங்குவதற்கு முன் வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"

எந்த மெட்டீரியல்?

1. எம்.எஸ். தகடு: விலை குறைவு, எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைக்கலாம். அடிக்கடி நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு இதுவே போதும்.

2. அலுமினியம் பூசிய ஸ்டீல்: துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ஜாயின்ட் குறைவாக உள்ளதைப் பார்த்து வாங்கணும்.

3. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே பழுப்பு நிறம் ஏறும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். விலையும் அதிகம், ஆயுளும் அதிகம். கடையில் 304 என்று சொல்லி 409 கொடுத்தால் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். 409-ல் காந்தம் நன்றாக ஒட்டும். 304-ல் வளைத்த இடத்தில் லேசாக ஒட்டலாமே தவிர, நேர்ப் பகுதியில் ஒட்டாது.

குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் நல்ல மெட்டீரியல் வேண்டும். இது கேட்கத் தலைகீழாகத் தெரியும். மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை நினைத்துப் பார்த்தால் புரியும்.

ஒரு எச்சரிக்கை: மலிவு என்று ஜி.ஐ. தண்ணீர் பைப்பை வளைத்துப் போடுபவர்கள் உண்டு. வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்த வெல்டருக்கு அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல். நாம் அதைச் செய்ய வேண்டாம்.

பைப் பெரிசா இருந்தா பவர் கூடுமா?

ஹாஸ்டலில் அடிக்கடி நடக்கும் சண்டை இது. ஒருவர் "பைப் பெரிசானா பிக்கப் ஏறும்" என்பார். இன்னொருவர் "பேக் பிரஷர் இருந்தாத்தான்டா இழுவை" என்பார். இரண்டுமே பாதி உண்மை.

பேக் பிரஷர் எஞ்சினுக்கு எப்போதும் எதிரிதான். எரிந்த வாயுவைத் தள்ளப் பிஸ்டன் வீணாக உழைக்கணும். எஞ்சினுக்கு உதவுவது வாயுவின் வேகம். வேகமாக ஓடும் வாயு, தனக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பைப்பின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது நாம் படித்ததுதானே! 38 மி.மீ. உள்விட்டத்தை 50 மி.மீ. ஆக்கினால் பரப்பு 1.73 மடங்கு ஆகிறது. வாயுவின் வேகம் 58 சதவீதமாக இறங்குகிறது. குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை போய், கூடவே உள்ளே ஒரு "உம்" சத்தமும் வந்து சேரும்.

அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் இன்னொரு விஷயம். நான்கு சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் போர்ட் மூன்றுதான். நடுவில் உள்ள 2, 3 சிலிண்டர்களுக்கு ஒரே போர்ட். ஹெட் அமைப்பே இப்படி அளவோடு இருக்கும்போது, கடைசியில் மட்டும் பெரிய பைப் மாட்டி என்ன பயன்? பழைய பைப்பை வெர்னியரில் அளந்து, அதே அளவில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கடையில் என்ன பார்க்கணும்?

சென்னையில் ஜி.பி. ரோடோ, புதுப்பேட்டையோ, எங்கே போனாலும் பழைய சைலன்சரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓட்டையாக இருந்தாலும் அதுதான் உங்கள் பேட்டர்ன். புதுசு மாட்டி ஓட்டிப் பார்க்கும்வரை அதைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்!

• பைப்பின் வெளிவிட்டம், மொத்த நீளம், பிராக்கெட் இருக்கும் இடம் மூன்றும் ஒத்துப்போகிறதா?
• ஒரே அளவுள்ள இரண்டில் எது கனமோ அதைப் பாருங்கள். தகடும் உள் தடுப்புகளும் தடிமனாக இருக்கும்.
• ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது ஆடினால் வேண்டாம்.
• டப்பாவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டை இருந்தால் நல்லது.
• சைலன்சர் இரண்டு விதம். அறைகளும் தடுப்புகளும் கொண்டது ஒன்று. ஓட்டைபோட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்தது இன்னொன்று. இரண்டாவதில் இழை நாளடைவில் பறந்துபோய்ச் சத்தம் கூடும். வீட்டுக் காருக்கு முதல் விதமே ஏற்றது.

மாட்டும்போது

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடிக்கொண்டே இருக்கும். பைப்பும் அதோடு ஆடணும். ரப்பர் ஹேங்கர் கிடைக்கவில்லை என்று பைப்பைச் சேஸிஸோடு சேர்த்து வெல்டிங் வைத்தால், சில மாதங்களில் மேனிபோல்டு பக்கம் வெடிப்பு விடும். எல்லாக் கிளாம்பையும் லூசாக மாட்டி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக நேர் பார்த்து, கடைசியில்தான் முறுக்கணும். கேஸ்கட் எப்போதும் புதுசு. பிரேக் ஹோஸ், பெட்ரோல் லைன், ஹேண்ட்பிரேக் கேபிள் பக்கத்தில் பைப் போகக்கூடாது. பின்சீட்டில் ஆளை உட்காரவைத்து, ஆக்ஸில் பைப்பைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு திறந்த வெளியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் டெயில் பைப்பைச் சில நொடிகள் மட்டும் அடைத்துப் பிடியுங்கள். எங்காவது "உஸ்" என்றால் அங்கே லீக்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. டப்பாவைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் மாட்டுவது குற்றம். புகைச் சோதனைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பைப்பில் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து, மீட்டர் தவறான எண்ணைக் காட்டும். அதை நம்பிக் கார்புரேட்டரைத் திருகினால் மேலும் கெடும். 2021-ல் வந்த திருத்தப்படி, 50 வருஷம் கடந்த காரை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பெரிய பைப்புக்காகத் தரையை வெட்டுவதற்கு முன் இதை யோசிக்கணும்.

முடிவாக

நண்பர்களே! சைலன்சர் மாற்ற வருபவர் அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை. நாம் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்கிறார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறார். ஆகவே கேள்விகளை இந்த வரிசையில் கேட்போம்: புகை முழுசாக வெளியே போகிறதா? வண்டி எப்படி ஓடுகிறது? அளவு சரியா? அதற்குப் பிறகு, கடைசியாக, சத்தம் எப்படி?

டிப்ளமோ கையில் வாங்கும் நாம் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியது இந்த வரிசையைத்தான்.