எங்கள் வீட்டுக் கதையை யார் எழுதுவது? குரிந்தர் சாதாவின் திரைப்பயணம்



ஆங்கிலத் தொலைக்காட்சியில் எங்களைப் போன்ற ஒரு முகம் தெரிந்தால் வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. வந்தவர் பெரும்பாலும் மூலைக்கடை முதலாளியாகவோ ரக்சிச் சாரதியாகவோ இருப்பார். இரண்டு வசனம் பேசிவிட்டுப் போய்விடுவார். கதை வேறு யாருடையதோ.

இந்த வழக்கத்தை உடைத்தவர்களில் ஒருவர் பிரித்தானிய இயக்குநரும் திரைக்கதை ஆசிரியருமான குரிந்தர் சாதா. 1960 இல் நைரோபியில் பிறந்த பஞ்சாபிச் சீக்கியர். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் லண்டன் சவுத்தோலுக்கு வந்துவிட்டது. கென்யாவில் வங்கியில் வேலை பார்த்த தந்தைக்கு, தலைப்பாகையும் தாடியும் இருந்ததால் இங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. சாதா முதலில் பிபிசி வானொலியில் செய்தியாளராக இருந்தார். (வானொலிக்காரர் என்பதில் எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான்.) 1989 இல் பிரித்தானிய ஆசிய இளைஞர்களைப் பேசவைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

அவருடைய முதல் முழுநீளப் படம் 1993 இல் வந்த 'பாஜி ஒன் த பீச்'. பிரித்தானிய ஆசியப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுதான். திரைக்கதை மீரா சயால். பேர்மிங்ஹாமில் இருந்து பிளக்பூல் கடற்கரைக்கு ஒரு மினிபஸ்ஸில் போகும் பெண்களின் ஒரு நாள் கதை. வெள்ளையரின் ஏளனம் அதில் வருகிறது. ஆனால் படம் அதோடு நின்றுவிடவில்லை. பஸ்ஸிலே, அடிக்கிற கணவனை விட்டுப் பிள்ளையோடு வந்த ஒரு பெண் இருக்கிறாள். கறுப்பின இளைஞன் ஒருவனைக் காதலித்துக் கர்ப்பமான ஒரு மாணவியும் இருக்கிறாள். அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் வெள்ளையர்களில்லை, பக்கத்து ஆசனத்து மாமிமார். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்கள், தாங்கள் யாரை வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்றும் பார்க்கவேண்டும் என்கிறார் சாதா. அவருடைய நல்ல படங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி உண்டு.

2000 இல் அமெரிக்காவில் எடுத்த 'வட்ஸ் குக்கிங்' படத்தில், லொஸ் ஏஞ்சலிசில் நான்கு குடும்பங்கள் ஒரே பண்டிகை நாளில் சமைக்கின்றன. அதில் ஒன்று வியட்நாமியக் குடும்பம். அந்த வீட்டில் ஒரு துப்பாக்கி அகப்படுகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ் இளைஞர்களின் குழுச் சண்டைகளைக் கண்ட பெற்றோருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பெரும்பாலானோர் அறிந்தது 2002 இல் வந்த 'பெண்ட் இற் லைக் பெக்கம்'. உதைபந்தாட்டம் ஆட விரும்பும் ஜெஸ் என்ற சீக்கியப் பெண்ணின் கதை. அவளாக நடித்த பர்மிந்தர் நாக்ராவின் காலில் சிறுவயதில் ஏற்பட்ட தீக்காயத் தழும்பு உண்டு. சாதா அதை மறைக்கவில்லை. திரைக்கதையிலேயே எழுதிச் சேர்த்துவிட்டார். காற்சட்டை அணியக் கூச்சப்படும் ஜெஸ், அந்தத் தழும்போடுதான் மைதானத்தில் இறங்குகிறாள்.

தந்தை பாத்திரத்தையும் கவனியுங்கள். கென்யாவில் பேர்பெற்ற பந்துவீச்சாளர். இங்கே கிரிக்கெட் கழகத்தில் அவமானப்பட்டவர். அதனால்தான் மகளை மறிக்கிறார். இதே கதையை வெளியாள் ஒருவர் எழுதியிருந்தால் அவரை வெறும் பிடிவாதக்காரத் தகப்பனாக்கி விட்டிருக்கக்கூடும். சொந்தத் தந்தைக்கு நேர்ந்ததைப் பார்த்து வளர்ந்த சாதாவுக்கு, அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் பயம் தெரியும். ஜெஸ்ஸின் நண்பன் டோனி தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்பதும் அதே படத்தில் ஆரவாரமில்லாமல் வருகிறது. சிறு செலவில் எடுத்த இப்படம் உலகெங்கும் 7 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. 2010 இல் வடகொரியத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள்!

பிள்ளைகளோடு பார்க்க ஒன்று கேட்டால், 2019 இல் வந்த 'பிளைண்டட் பை த லைற்' என்பேன். 1987 இல் லூற்றன் நகரம். எழுத்தாளனாக ஆசைப்படும் பாகிஸ்தானியப் பையன், தொழிற்சாலை வேலையை இழந்த தந்தை. எழுதிச் சாப்பிட முடியுமா என்ற கேள்வி எங்கள் வீடுகளிலும் கேட்டதுதானே.

2025 இல் வந்தது 'கிறிஸ்மஸ் கர்மா'. டிக்கன்ஸின் கஞ்சன் இதில் சூட் என்ற இந்தியர். 1972 இல் இடி அமீன் ஆசியர்களை உகண்டாவை விட்டுத் துரத்தியபோது சிறுவனாகப் பிரித்தானியாவுக்கு வந்தவர். இன்று பணக்காரர். அகதிகளைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. விமர்சகர்கள் பலர் இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கினார்கள். ஆனால் சூட்டை நான் எங்கள் கோயில் மண்டபத்திலும் கலியாண வீடுகளிலும் கண்டிருக்கிறேன். "நாங்கள் வந்த மாதிரியே இப்ப வாறவங்கள் வாறாங்கள்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.