அடை எதனைத் தழுவும்?

ஆங்கிலத் தொடரில் நம் மாணவர் பெரிதும் இடறுவது சொற்பொருளில் அன்று. எச்சொல் எதனோடு இயைகிறது என்பதில்தான். வினையடியாகப் பிறந்து பெயரை விளக்கும் அடையும், ஒரே தகுதியுடைய சொற்களின் அடுக்கும் அவ்விடர் மிகுந்த இடங்கள்.

தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்கும். 'குளுவாங்கில் வாழும் ஆசிரியர்' என்கிறோம். ஆங்கிலமோ ஆசிரியரை முதலிற் கூறி, 'குளுவாங்கில் வாழும்' என்பதைப் பின்னே வைக்கும். 'பெற்றோரும் ஆசிரியரும்' என்ற அடுக்குக்குப் பின் அவ்வடை வந்தால், அது இருவரையும் தழுவலாம். இறுதியில் நின்ற ஆசிரியரை மட்டும் தழுவலாம். அதனைத் தமிழாக்குவோர் அடையை அடுக்கின் முன்னே கொண்டுவந்து, 'குளுவாங்கில் வாழும் பெற்றோரும் ஆசிரியரும்' என்று எழுதினால், ஆசிரியருக்கு உரிய அடை பெற்றோரிடம் சென்றுவிடும். ஆகவே, அடை எதுவரை செல்கிறது என்று தெளிந்த பின்னரே மொழிபெயர்க்க வேண்டும்.

ஆங்கிலத்தின் 'இங்' ஈறும் மயக்கம் தருவது. பெயருக்கு அடையாகும்போது அது நம் பெயரெச்சம் போன்றது. தானே பெயராக நிற்கும்போது தொழிற்பெயர். அடுக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் எண்ணும்மை ஒவ்வோர் உறுப்பிலும் வந்து எல்லை காட்டும். ஆங்கிலத்தில் இணைப்புச்சொல் பெரும்பாலும் இறுதி உறுப்பின் முன் மட்டுமே வரும். ஏனைய உறுப்புகளை ஒத்த வடிவங்கொண்டே அறிய வேண்டும்.

இவ்விலக்கணம் ஏட்டளவில் நிற்பதன்று. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, மலாயைத் தேசிய மொழியாக நிறுவியபின், பிற மொழிகளைப் பயன்படுத்துதல், கற்பித்தல், கற்றல் ஆகியவற்றைத் தடுக்கலாகாது என்கிறது. ஆங்கில வாசகத்தில் இம்மூன்றும் 'இங்' ஈற்றுத் தொழிற்பெயர்கள். அதிகாரப்பூர்வ நோக்கங்களை விலக்கும் அடை, அடைப்புக்குறிக்குள், முதற்சொல்லை அடுத்தே நிற்கிறது. ஆகவே அவ்வரம்பு பயன்படுத்துதலுக்கே உரியது. கற்பித்தலையும் கற்றலையும் அது தழுவாது. 'வேறெந்த மொழியும்' என்பதோ மூன்றுக்கும் பொதுவான செயப்படுபொருள்.

1982இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், ஒரு மொழியைக் கற்பித்தல் வேறு, ஒரு மொழியில் கற்பித்தல் வேறு எனக் கொண்டது. தமிழில் இது 'மொழியை', 'மொழியில்' என்னும் வேற்றுமை உருபுகளின் வேறுபாடு. பயிற்று மொழி பற்றிய வினா அதனால் 'பயன்படுத்துதல்' என்னும் உறுப்பின்கீழ் வந்தது. அங்கே அடையின் வரம்பு உண்டு. பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பு என்பதால் அப்பயன்பாடு அதிகாரப்பூர்வமானதெனத் தீர்க்கப்பட்டது.

தாய்மொழிப் பள்ளிகள் பற்றிய வழக்கில், 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், அப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல என்றும், அவற்றில் சீனமும் தமிழும் பயிற்று மொழியாவது அரசியலமைப்புக்கு முரணன்று என்றும் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை நிலைநிறுத்தியது. ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகள் உள்ளிட்ட நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைத் தொட்ட வழக்கு அது.

எனவே நீண்ட ஆங்கிலத் தொடரைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புவோம். அடுக்கின் உறுப்புகள் எவை? அவை அனைத்துக்கும் பொதுவானது எது? அடை எவ்வுறுப்போடு நின்றுவிடுகிறது? இவற்றுக்கு விடை கண்டபின் அகராதியைத் திறப்பதே முறை.