நிக்காஹுக்கு முந்திய கடன் யாருடையது?

கொல்லிமலைச் செம்மேட்டுப் பக்கம், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடியில் மிளகு முற்றுமுன்பே அதற்கு முன்பணம் கொடுத்துவைக்கும் வியாபாரி ஒருவரை எண்ணிக்கொள்வோம். அம்முன்பணத்திற்காக நிக்காஹுக்கு முன்னரே அவர் வாங்கிய கடன் தீரவில்லை. மணமான மறுமாதம் மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. சில ஆண்டுகளில் தலாக் நேர்கிறது. “குடும்பக் கடனுக்குத்தானே போயிற்று, அவளுக்கும் அதில் பங்கில்லையா?” என்று ஜமாஅத்தில் ஒருவர் கேட்பார்.

இல்லை என்பதே விடை. ஷரீஅத்தில் நிக்காஹ் இருவர் உடைமைகளை ஒன்றாக்குவதில்லை, கடன்களையும் ஒன்றாக்குவதில்லை. மனைவி மணத்திற்கு முன் கடன்பட்டிருந்தால் கணவரும் அதற்குப் பொறுப்பாளியல்லர். ஜாமீன் கையொப்பமிட்டவர் மட்டும் அக்கையொப்பத்தால் கட்டுப்படுவார். கொடுபடாத மஹரோ கணவர்மீதுள்ள கடனேயாகும்.

நகையைப் பற்றித்தான் பூசல் எழுகிறது. மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்தாளெனில் அது வேறு. திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம், 4ஆம் வசனம், மஹரை விட்டுக்கொடுப்பதற்கே மனவிருப்பத்தை நிபந்தனையாக்குகிறது. வந்து முப்பது நாளாகாத மருமகள் மாமியார் கேட்ட வளையலைக் கழற்றித் தந்தது மனவிருப்பமா? அவளது மௌனத்தை நன்கொடைப் பத்திரமாக எண்ணுவோர் நம்மிடையே மிகுதி!

கேரளத்தில் இவ்வாறே ஒரு வழக்கு நடந்தது. 2003இல் மணந்த பெண்ணின் 89 பவுன் நகை பாதுகாப்பிற்கென மாமியாரிடம் போய், அவர்களுடைய பழைய கடன்களில் கரைந்ததாக அப்பெண் முறையிட்டார். 2011இல் குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 2022இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், நெருக்கடியில் கணவர் பயன்படுத்தினாலும் திருப்பித்தரக் கடமைப்பட்டவரே எனக் கூறி, 25 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அத்தம்பதியர் முஸ்லிம்கள் அல்லர். முஸ்லிம் பெண்ணுக்கோ 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு உண்டு. கொடுபடாத மஹரையும், மணத்திற்கு முன்னும் மணத்தின்போதும் பின்னரும் உற்றார் அளித்த பொருள்களையும் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் அவள் மனுச்செய்யலாம்.

ஜமாஅத்தில் மணமுறிவு எழுதும்போது, “ஒருவர்மீது ஒருவருக்குப் பாத்தியதை இல்லை” என்ற வரியைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அழுதுகொண்டிருக்கும் பெண் அதைப் படித்துப்பார்ப்பதில்லை. பெண் வீட்டார் அவ்வரிக்கு முன்பே நகையின் எடையையும், அடகுச்சீட்டு எவர் பெயரில், எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதையும் அதே தாளில் எழுதும்படி கேட்கட்டும்.