எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையா? இடுப்பு வலியை விட்டு விடாதீர்கள்!

திண்டுக்கல்:-

வேடசந்தூர் நூற்பாலைகளில் ஷிப்ட் முழுக்க நிற்பவர்கள், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், சின்னாளபட்டியில் தறியில் உட்காருபவர்கள் என திண்டுக்கல் வட்டாரத்தில் உடல் உழைப்பை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் இடுப்பு வலித்தால் மட்டும், "வாயு பிடிப்பு, தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். இந்த தாமதம்தான் சிலருக்கு மூட்டையே பறித்து விடுகிறது.

வலி எங்கே?

டாக்டரிடம் வலிக்கும் இடத்தை கையால் தொட்டு காட்ட வேண்டும். முதுகின் அடியில் தொடங்கி பின்தொடை வழியாக பாதம் வரை இழுத்தால் பெரும்பாலும் அது முதுகுத்தண்டு நரம்பு பிரச்சினை. தொடை இடுக்கில் வலித்து, சம்மணம் போட முடியாமல் போனால் இடுப்பு மூட்டை சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு கோளாறு இடுப்பில் இருக்கும், வலி முழங்காலில் தெரியும்.

பெண்களுக்கு அடிவயிறும் சேர்ந்து வலித்தாலோ, மாதவிலக்கின்போது வலி கூடினாலோ மகளிர் நோய் டாக்டரை பார்க்க வேண்டும். கர்ப்பப்பை கட்டி, கிருமித்தொற்று போன்றவை காரணமாக இருக்கலாம்.

எக்ஸ்ரேயில் தெரியாத நோய்

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் பந்து இருப்பது போன்றது. பந்துக்கு போகும் ரத்த ஓட்டம் தடைபட்டால் எலும்பு செத்து நொறுங்கும். இது 30, 40 வயதுக்காரர்களுக்கும் வரும். மிதமிஞ்சிய குடியும், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் முக்கிய காரணங்கள்.

ஆரம்பத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் காட்டிக் கொடுக்கும். எனவே எக்ஸ்ரே நன்றாக இருந்தும் வலி தொடர்ந்தால், "ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தை குறைத்து, பலருக்கு சொந்த மூட்டை காப்பாற்ற முயலலாம். பந்து நசுங்கி வலி முற்றி விட்டால் செயற்கை மூட்டுதான் வழி.

எல்லா வலிக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பிசியோதெரபி, எடை குறைப்பிலேயே பலருக்கு வலி குறையும். கைத்தடியை வலி இல்லாத பக்கத்து கையில் பிடிக்க வேண்டும்.

எங்கே போவது?

திண்டுக்கல் அரசு மருத்துவக்கல்லூரி 2022 ஜனவரி 12-ந்தேதி திறந்து வைக்கப்பட்டது. இதன் ஆஸ்பத்திரியில் எலும்பு சிகிச்சை பிரிவு உள்ளது. மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல்-அமைச்சரின் விரிவான காப்பீட்டு திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். மூட்டு மாற்று ஆபரேஷனும் இதில் அடங்கும். காப்பீட்டு அட்டையை கையோடு கொண்டு போவது நல்லது. நடக்க முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

கீழே விழுந்த முதியவரின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். உருவி விடாதீர்கள், இழுத்து கட்டாதீர்கள். காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். வலியோடு மலம், சிறுநீர் அடக்க முடியாமல் போனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். மாலைக்காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் மூட்டு காசநோயாக இருக்கலாம். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

ஒரு நாள் கூலி போகிறதே என்று பார்த்தால், பிறகு பல மாத கூலி போய்விடும்.