அரிசி மணி நீளத்தில் ஒரு துடிப்பு

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது நமக்குப் பழகிய போர்ட் பிளேரிலிருந்து, திக்லிபூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு மிடில் ஸ்ட்ரெய்ட் துறை நன்றாகத் தெரியும். அந்தமான் நெடுஞ்சாலை அங்கே கடலில் போய் முடிந்துவிடும். பேருந்து மெல்ல உருண்டு, வண்டி ஏற்றும் ஃபெர்ரியில் ஏறும். பயணிகள் ஓரமாக நின்று அலையாத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே நீரிணையைக் கடப்பார்கள். பாராடாங் கரையில் இறங்கினால் மறுபடி சாலை.

ஃபெர்ரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மூன்று கணக்குகள் போடலாம். மணிக்கு அது எத்தனை நடை போகிறது? மணிக்கு எத்தனை பேர் அக்கரை சேர்கிறார்கள்? ஒரு நடை கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது? மூன்றும் தனித்தனிக் கணக்குகள். நடை கூடாமலே ஆள் கூடலாம். பெரிய ஃபெர்ரி ஒன்று வந்தால் போதும். நடையும் ஆளும் கூடினாலும் கடக்கும் நேரம் குறையாமலே இருக்கலாம்.

இணையம் 'வேகமாக' இருக்கிறது, 'மெதுவாக' இருக்கிறது என்று நாம் சொல்லும்போது இந்த மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிடுகிறோம். முதல் கணக்குக்கு, அதாவது நடைக்கு, உலகம் ஓர் அலகு வைத்திருக்கிறது. அதன் பெயர் பாட். ஒரு நொடியில் கம்பியில் எத்தனை முறை குறி மாறுகிறது என்பதே பாட். ஒவ்வொரு குறியையும் இங்கே துடிப்பு என்று சொல்வோம். நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் ஒரு பாட். ஐம்பது துடிப்பு என்றால் 50 பாட்.

பெயர் வந்தது ஒரு தந்தி ஊழியரிடமிருந்து. எமில் போடோ 1845ல் பிரான்சின் மான்யோ (Magneux) கிராமத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் தொடக்கக் கல்வி மட்டுமே படித்தவர். 1869ல் தந்தித் துறையில் சேர்ந்தார். அன்று பொதுவாக ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் போகும். கைதேர்ந்த ஊழியர்கூட எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத்தான் தட்ட முடியும். அந்த இடைவெளிகளில் விலையுயர்ந்த கம்பி சும்மா கிடந்தது. அதை எப்படி வேலை வாங்குவது என்று யோசித்து, 1874ல் தன் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

அந்தக் கருவியில் விசைகள் ஐந்தே ஐந்து. இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. ஒவ்வொரு விசையும் அழுத்தியோ விட்டோ இருக்கும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 சேர்க்கைகள். ரோம எழுத்து இருபத்தாறுக்கும் அது தாராளம். நம் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்றுக்கும் அது போதும், ஒன்று மீதியும் இருக்கும்! இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

அந்தக் கருவி எதிரே அமர்ந்திருக்கும் ஊழியரைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். விரல்கள் ஐந்து விசைகள் மேல். பக்கத்தில் செப்புத் துண்டுகள் பதித்த வட்டத் தட்டு. அதன் மேல் ஒரு தூரிகை நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 முறை சுற்றுகிறது. தட்டில் ஒவ்வோர் ஊழியருக்கும் ஐந்து துண்டுகள் உண்டு. தூரிகை அவருடைய ஐந்து துண்டுகளைத் தடவும் அந்தக் கணத்தில் மட்டும் கம்பி அவருக்குச் சொந்தம். அடுத்த கணம் அடுத்தவருக்கு. 'இப்போது அழுத்து' என்று கருவி ஒரு 'டிக்' ஒலி கொடுக்கும். தாளம் பிடித்து வாசிக்கும் கலைஞர் போல ஊழியர் அந்த ஒலிக்கு விரல்களை ஒப்புக்கொடுக்க வேண்டும். நொடிக்கு மூன்று எழுத்து. நால்வர் அமர்ந்தால் ஒரு சுற்றுக்கு இருபது துடிப்பு, நொடிக்கு அறுபது. ஒரே கம்பியில் நான்கு செய்திகள் ஒன்றோடொன்று மோதாமல் ஓடின! ஒரு கம்பியைக் கணம் கணமாகப் பங்கு வைக்கும் இந்த உத்திதான் பிற்காலத் தொலைபேசி இணைப்பகங்களுக்கும் வழிகாட்டியது.

போடோ 1903ல் மறைந்தார். அவர் பெயரில் அலகு வந்தது 1920களில். அதுவரை தந்தியின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளந்தார்கள். எந்தச் சொல்? 'வா' என்பதும் ஒரு சொல்தான், 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பதும் ஒரு சொல்தான். மொழியைப் பொறுத்து மாறும் அளவுகோலை வைத்து ஒரு கம்பியின் திறனைச் சொல்ல முடியாது. சொல்லையும் எழுத்தையும் விட்டுவிட்டுத் துடிப்பை எண்ணினார்கள். மிகக் குறுகிய துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்து, ஒரு நொடியை அதனால் வகுத்தால் பாட் கிடைத்துவிடும். தட்டச்சு செய்து அனுப்பும் தந்தியான டெலக்ஸ் கருவிகளில் ஒரு துடிப்பு 20 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே 50 பாட். சென்னை கிண்டியில் 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் ஆலை இந்த இனக் கருவிகளைத்தான் நம் நாட்டுக்குச் செய்து தந்தது.

50 பாட் எவ்வளவு மெதுவானது? கைபேசியில் எடுத்த நான்கு மெகாபைட் படம் ஒன்றை அந்த வழியில் அனுப்பினால் ஏழு நாளுக்கு மேல் ஆகும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் மூன்று நாளளவில் போய்விடும். படத்தை ஒருவர் பையில் போட்டு எடுத்துப்போவதே மேல்.

இனிதான் உண்மையான விந்தை. துடிப்பின் வேகத்தைக் கூட்டாமலே அனுப்பும் தகவலைக் கூட்ட முடியும்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'அடி' அல்லது 'மௌனம்' என்ற இரண்டே வகை இருந்தால், ஒவ்வொரு தட்டும் ஓர் 'ஆம், இல்லை' கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்த ஒற்றைப் பதிலுக்குப் பெயர் பிட். இதையே த, தி, தொம், நம் என்று நான்கு சொற்களால் வாசித்தால்? ஒவ்வொரு தட்டும் நான்கில் ஒன்று. இரண்டு கேள்விகளுக்கு ஒரே தட்டில் விடை. தாளம் அதேதான், சேதி இரட்டிப்பு. பதினாறு வகைத் தட்டு இருந்தால் நான்கு பிட். நொடிக்கு எத்தனை தட்டு என்பது பாட். ஒரு தட்டில் எத்தனை பிட் என்பது இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் நம் இரண்டாவது கணக்கு, 'நொடிக்கு இத்தனை பிட்' என்று நம் கைபேசி காட்டும் கணக்கு.

கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்த பழைய மோடத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் கீச்சொலி நினைவிருக்கும். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. நொடிக்குச் சுமார் 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளைத்தான் ஒழுங்காகக் கடத்தும். அதனால் துடிப்பைச் சில ஆயிரத்துக்கு மேல் கூட்ட வழியில்லை. பொறியாளர்கள் தட்டின் வகைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். தொடக்கத்தில் 300 பாட், 300 பிட். பிறகு 600 பாட் தாளத்தில் நான்கு நான்காக 2,400 பிட். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொது இணையச் சேவையைத் தொடங்கியபோது வீட்டு இணைப்பின் வேகம் 9,600 பிட். அப்போது உலகெங்கும் புழங்கிய 9,600 பிட் மோடத்தின் தாளம் 2,400 பாட்தான். பின்னர் 33,600 பிட் வரை போனார்கள். அப்போதும் தாளம் 3,429 பாட்டைத் தாண்டவில்லை. '9,600 பாட் மோடம்' என்று கடைக்காரர்களும் விளம்பரங்களும் சொன்னது தவறு. அந்தத் தவறு இன்றுவரை தொடர்கிறது.

அப்படியானால் ஆயிரம் வகைத் தட்டு, லட்சம் வகைத் தட்டு என்று கூட்டிக்கொண்டே போகலாமே? முடியாது. திக்லிபூரில் தென்மேற்குப் பருவமழை தகரக் கூரைமேல் கொட்டும்போது பக்கத்து வீட்டு மிருதங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். தட்டு விழுந்தது தெரியும். விழுந்தது 'தி'யா 'நம்'மா என்பது தெரியாது. கம்பியிலும் இப்படி ஓர் இரைச்சல் எப்போதும் உண்டு. வகைகள் நெருங்க நெருங்க ஒன்றை இன்னொன்றாகக் கேட்டுவிடுவோம். இரைச்சலைவிடக் குறி எவ்வளவு வலியது என்பதும் அலைவரிசையின் அகலமும் தெரிந்தால் உச்ச அளவு இதுதான் என்று கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948ல் கணக்குப் போட்டுக் காட்டினார். பிட் என்ற சொல் அச்சேறியதும் அதே கட்டுரையில்தான். சொல்லை உருவாக்கியவர் ஜான் டூக்கி.

இப்போது கடலுக்கு அடியில் இறங்குவோம். சென்னையையும் அந்தமான் நிக்கோபாரையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரிலிருந்து அதன் கிளைகள் ரங்கத், லாங் தீவு, ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றுக்குப் போகின்றன. திக்லிபூர் அந்தப் பட்டியலில் இல்லை. வடக்கு அந்தமானுக்கு மீதித் தொலைவைத் தரைவழிதான் கடக்க வேண்டும். திக்லிபூர்க்காரர்களுக்கு இது ஒரு குறைதான். இருந்தாலும் இந்தக் கேபிளுக்கு முன் தீவுகள் முழுக்கவும் செயற்கைக்கோளை நம்பியிருந்தன.

கேபிளுக்குள் ஓடுவது ஒளி. தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நொடிக்கு 10,000 கோடி பிட் அனுப்பும் ஓர் ஒளித்தடத்தில், பிழை திருத்தத்துக்கான கூடுதலையும் சேர்த்து, தாளம் வழக்கமாக 3,200 கோடி பாட் அளவில் இருக்கும். ஒளி அலையின் கட்டத்தை நான்கு நிலைகளில் திருப்பி இரண்டு பிட் ஏற்றுகிறார்கள். அலை அதிரும் இரு திசைகளிலும் தனித்தனியே அப்படிச் செய்வதால் ஒரு துடிப்புக்கு நான்கு பிட். நம் மிருதங்கம்தான், இரண்டு கலைஞர்கள் ஒரே தாளத்தில் வாசிக்கிறார்கள்.

இந்தத் துடிப்பு ஒன்றின் நீளம் எவ்வளவு இருக்கும்? 2 லட்சம் கிலோமீட்டரை 3,200 கோடியால் வகுத்தால் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓர் அரிசி மணி! சென்னைக் கரையிலிருந்து போர்ட் பிளேர் வரை, ஏறத்தாழ ஏழு மில்லிநொடிப் பயணத்தில், இப்படி இருபத்திரண்டு கோடி ஒளி அரிசிகள் வரிசையாக ஒரே நேரத்தில் கடலடியில் ஓடிக்கொண்டிருக்கும். அதே இழையில் பழைய டெலக்ஸின் 20 மில்லிநொடித் துடிப்பை ஒளியாக அனுப்பினால் அதன் நீளம் 4,000 கிலோமீட்டர். அதன் தலை போர்ட் பிளேரில் கரையேறி வெகுநேரம் ஆன பின்பும் வால் சென்னையை விட்டுக் கிளம்பியிருக்காது.

மூன்றாவது கணக்கு மீதமிருக்கிறது, கடக்கும் நேரம். பாட்டும் பிட்டும் எவ்வளவு கூடினாலும் இதை அசைக்க முடியாது. தீவுகள் முன்பு நம்பியிருந்த தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி ஏறி இறங்க, பதில் ஏறி இறங்க, ஒளியின் முழு வேகத்திலும் அரை நொடி போய்விடும். கேபிள் வழி என்றால் சென்னைக்குப் போய்த் திரும்ப நொடியில் எழுபதில் ஒரு பங்கு அளவே.

திக்லிபூர் கடைத்தெருவில் நின்றோ ஏரியல் பே படகுத்துறையில் நின்றோ உங்கள் கைபேசியில் வேகச் சோதனை செய்து பாருங்கள். பெரிய எழுத்தில் வரும் மெகாபிட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பக்கத்தில் 'பிங்' என்று சிறிதாக ஓர் எண் இருக்கும், மில்லிநொடியில். அது ஐந்நூறைத் தாண்டியே நின்றால் உங்கள் சேதி வானம் ஏறி இறங்குகிறது என்று நினைக்கலாம். நூறுக்குக் கீழே இருந்தால் அந்தப் பழைய செயற்கைக்கோள் வழி அதில் இல்லை. உங்கள் சேதி பெரும்பாலும் கடலுக்கு அடியில் போய் வருகிறது.